அந்த ஓட்டையை அடைக்கலாமா?

கெட்டிக்காரப் பிள்ளைகளே, வாருங்கள்! இன்றைக்கு உங்களைத் தூரமாக எங்கும் அழைத்துப் போகப் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை நிமிர்த்துங்கள். சுவர் மேலே போய்க் கூரையைத் தொடுகிறது அல்லவா? அதற்கு ஒரு முழம் கீழே சின்னதாக ஒரு திறப்பு இருக்கிறதா, பாருங்கள்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் இல்லாமல் இருக்கலாம். மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடு என்றால் பெரும்பாலும் இருக்கும். சில வீடுகளில் குறுக்குக் கம்பி மட்டும் போட்டிருப்பார்கள். சிலவற்றில் பூ வேலை செய்த ஜாலி இருக்கும். இன்னும் சில வீடுகளில் நடுவில் சுழலும் கண்ணாடிக் கதவும், அதை இழுத்துத் திறக்க ஒரு கயிறும் தொங்கும். இதைத்தான் வென்டிலேட்டர் என்கிறோம்.

"எட்டிப் பார்க்கக்கூட முடியாத உயரத்தில் அது எதற்கு?" என்று கேட்கிறீர்களா? சபாஷ்! கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தக் கேள்வி இப்போது தேவைப்படுகிறது. பழைய வீடு வைத்திருக்கிற பலர் ஒரே யோசனையில் இருக்கிறார்கள். ஏ.சி. வாங்கியாயிற்று, வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாமா? முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு மூடிவிடலாமா? எல்லாம் பழசாகிப் போச்சு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாமா? இந்தப் பேச்சில் நீங்களும் கலந்துகொள்ளலாம். அதற்குக் கொஞ்சம் அறிவியல் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள காற்று மட்டும் எவ்வளவு எடை இருக்கும்?

"காற்றுக்கு ஏது எடை?" என்று நினைத்தீர்களா? ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ எடை இருக்கும். உங்கள் அறை சுமார் 28 கன மீட்டர். பெருக்கிப் பாருங்கள். 33 கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வருகிறது! ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் பலருடைய எடைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இப்போது கவனியுங்கள். இந்தக் கணக்கு 20 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும் காற்றுக்கு. நம்ம ஊர் மே மாதத்தில் 40 டிகிரி ஆகிறதே, அப்போது? சூடான காற்று விரிந்து இடம் பிடிக்கும். அதனால் அதே அறைக்குள் அடங்கும் காற்றின் எடை ஏறக்குறைய இரண்டு கிலோ குறைந்துவிடும். அதாவது சூடான காற்று லேசானது, குளிர்ந்த காற்று கனமானது. லேசானது மேலே போகும், கனமானது கீழே இறங்கும்.

புரிந்ததா? புரியாவிட்டால் அவசரமில்லை. மேலே உள்ள பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

புரிந்தவர்களுக்கு வென்டிலேட்டர் ஏன் உயரத்தில் இருக்கிறது என்பதும் புரிந்திருக்கும். நம் உடம்புச் சூடு, விளக்குச் சூடு, அடுப்புச் சூடு எல்லாம் சேர்ந்து காற்றைச் சூடாக்குகின்றன. அது கூரையடியில் போய்த் தேங்குகிறது. அங்கே ஒரு வழி இருந்தால் வெளியே போகும். அது போன இடத்துக்கு, கீழே உள்ள கதவு, சன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும்.

சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் என்ன நடக்கிறது? உங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு கதவுதான் என்றால், நீங்கள் வெளியே பாய்கிற அதே கதவில் மாலை வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வரப் பார்ப்பார்கள். இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பின்பக்கம் இன்னொரு கதவு இருந்தால்? நீங்கள் அந்த வழியே போக, அவர்கள் இந்த வழியே வர, ஒரு நிமிடத்தில் வகுப்பு மாறிவிடும். காற்றுக்கும் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று இரண்டு வேண்டும். இரண்டு வழிக்கும் நடுவே உயரம் கூடக் கூட, ஓட்டமும் கூடும். பழைய வீடுகளில் கூரையைப் பன்னிரண்டு அடி, பதினான்கு அடி என்று உயர்த்திக் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஒரு பழைய மதுரை வீட்டுக்குள் நடந்து பார்ப்போமா? செருப்பைத் திண்ணையோரம் விட்டுவிட்டு வாருங்கள்.

வீதிப்பக்கம் முகப்பு குறுகல். உள்ளே போகப் போக நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர் சுவர். அதனால் பக்கத்தில் சன்னல் வைக்க வழியே இல்லை. அந்தக் காலத்துக் கொத்தனார் என்ன செய்தார் தெரியுமா? வாசல் கதவுக்கு நேராக நடை, நடைக்கு நேராக முற்றம், முற்றத்துக்கு நேராகப் பின்கட்டு, கொல்லைக் கதவு என்று ஒரே கோட்டில் வைத்தார். மேல்காற்றோ கீழ்காற்றோ அந்தக் கோட்டின் திசையில் அடித்தால் வீடு முழுக்க ஓடிப் போகும். காற்றே அடிக்காத நாளைக்கு? அதற்குத்தான் நடுவில் வானம் தெரிகிற முற்றம், அறைகளில் முற்றத்தைப் பார்த்தபடி உயரத்தில் வென்டிலேட்டர்.

ராத்திரியில் மொட்டைமாடித் தரையும் முற்றத்துத் தரையும் தங்கள் சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிட்டுக் குளிர்ந்துவிடும். அவற்றை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது என்று படித்தோம் அல்லவா? அது முற்றத்துக்குள் இறங்கி, தாழ்வாரம் வழியாக அறைகளுக்குள் பரவும். அறையில் பகலெல்லாம் சேர்ந்த சூட்டுக் காற்று மேலே உள்ள வென்டிலேட்டர் வழியாக வெளியேறும். மின்சாரம் இல்லை, விசிறி இல்லை, சத்தமும் இல்லை!

ஆனால் மே மாத நண்பகலில் கதை தலைகீழ். வெளியே 40 டிகிரி. கனமான செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள வீட்டுக்குள் அதைவிடச் சில டிகிரி குறைவு. இப்போது திறந்து வைத்தால் வெளிச் சூடுதான் உள்ளே வரும். அதனால்தான் நம் பாட்டிமார் பத்து மணிக்கு மேல் கதவுகளைச் சாத்தி, வெயில் தாழ்ந்த பிறகு திறந்து வைத்தார்கள். பகலில் மூடு, இரவில் திற. கோடையில் பழைய வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் வழி இதுதான். கயிறு கட்டிய வென்டிலேட்டர் எவ்வளவு நல்ல யோசனை, பாருங்கள்! வேண்டும்போது மூடலாம், வேண்டும்போது திறக்கலாம்.

இதைப் பெரிய அளவில் பார்க்க ஆசையா? அடுத்த முறை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகும்போது தூண்களின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நடுவில் உள்ள திறந்தவெளியையும், சுற்றியுள்ள உயரமான நிழல் மண்டபத்தையும் கவனியுங்கள். மதியத்தில் திறந்தவெளியில் ஒரு நிமிடம், மண்டபத்துக்குள் ஒரு நிமிடம் நின்றால் வித்தியாசம் உங்கள் தோலுக்கே தெரியும். 1636இல் கட்டிய அரண்மனை அது. ஒரு காலத்தில் பெரும்பகுதி இடிந்துபோனது. மிச்சத்தையும் இடித்துத் தள்ளாமல், 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். அதனால்தான் இன்று நாம் உள்ளே போய் நிற்க முடிகிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளிலும் முற்றத்துக்குப் பின் முற்றம் என்று இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

நம்மவர்கள் மட்டுமல்ல. ஈரான் நாட்டில் யஸ்து என்று ஒரு பாலைவன நகரம். அங்கே வீடுகளின் மேல் உயரமான காற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன. மேலே அடிக்கும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடுவது அவற்றின் வேலை. அங்குள்ள ஒரு தோட்ட மாளிகையின் கோபுரம் 33 மீட்டர் உயரம்!

சரி, ஏ.சி. கதைக்கு வருவோம். 1902இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் ஓர் அச்சகத்துக்காக ஓர் இயந்திர ஏற்பாட்டை வடிவமைத்தார். ஈரக்காற்றில் காகிதம் விரிந்து அச்சு கோணலாகிவிடுகிறது என்பது அங்கே இருந்த தொல்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கச் செய்த அந்த ஏற்பாடுதான் இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி.

பெரிய ஜவுளிக்கடையிலும் திரையரங்கிலும் கூரையை ஒட்டித் தகட்டில் செய்த சதுரக் குழாய்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். டக்ட் என்பார்கள். குளிர்ந்த காற்றை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோகும் வழி அது. அமெரிக்காவில் சாதாரண வீடுகளிலேயே இந்த டக்ட் உண்டு. அதற்கும் வயதாகும். மூட்டுகள் விலகும், துரு பிடிக்கும், உள்ளே தூசி சேரும். ஒரு சராசரி வீட்டில் குழாய்க்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வழியிலேயே கசிந்து வீணாகிறது என்று அந்த நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்கிறது. பழைய டக்டை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று அங்கேயும் குடும்பங்களில் பேச்சு நடக்கும். நல்ல வேலைக்காரர் வந்தால் உடனே பிடுங்கிப் போட மாட்டார். எங்கே கசிகிறது என்று முதலில் சோதிப்பார். அடைத்தால் சரியாகும் என்றால் அடைப்பார். நசுங்கி, துருவேறி, பூஞ்சை பிடித்ததை மட்டும் மாற்றுவார்.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் டக்ட் கிடையாது. சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏ.சி.தான். அதைப் பற்றி ஒரு செய்தி சொல்லட்டுமா? பல பெரியவர்களுக்கே தெரியாது. வெளியே பெட்டி இருப்பதால் அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை! அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் உறிஞ்சி, குளிரவைத்து, திரும்பத் திரும்ப அனுப்புகிறது. வெளிப்பெட்டி சூட்டை வெளியேற்ற மட்டும்தான்.

அப்படியானால் கதவு, சன்னல், வென்டிலேட்டர் எல்லாம் அடைத்த அறையில் நாலு பேர் இரவு முழுக்கத் தூங்கினால்? வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. அடைத்த அறையில் விடிவதற்குள் அது ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விடும். காலையில் எழும்போது தலை கனக்கிறது, மந்தமாக இருக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக ஏ.சி. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மே மாத மதுரையில் வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது பெரிய உதவி. வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைக்காதீர்கள், திறந்து மூடுகிற கதவு வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஏ.சி. ஓடும்போது மூடலாம். நிறுத்தியதும் திறக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டின் காற்றுவழி இன்னும் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் வேலை. பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊதுவத்தி போதும்.

பொழுது சாய்ந்து வெளியே கொஞ்சம் குளிர்ந்த பிறகு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கீழே ஒரு கதவையோ சன்னலையோ திறந்து வையுங்கள். பெரியவரை ஸ்டூல் மேல் ஏறி ஊதுவத்தியை வென்டிலேட்டருக்குக் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளி நின்று புகையை மட்டும் பாருங்கள். புகை வளைந்து திறப்புக்குள் நுழைந்து போகிறதா? வழி நன்றாக இருக்கிறது. அங்கேயே சுருண்டு சுருண்டு தேங்குகிறதா? எங்கோ அடைப்பு. உள்ளே திரும்பி வருகிறதா? வெளியே காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, அல்லது வெளியே இன்னும் சூடு தணியவில்லை. வேறொரு நேரம் பார்க்க வேண்டும்.

ஒரு பழைய வீட்டில் இப்படிச் சோதித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புகை அசையவே இல்லை. "இந்த ஓட்டையெல்லாம் வீண், பூசிவிடலாம்" என்றார் வீட்டுக்காரர். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்கள். கம்பிகளுக்குப் பின்னால், என்றோ கொசுவுக்குப் பயந்து சுருட்டிச் செருகிய செய்தித்தாள், பழுத்து மஞ்சளாகிப் போயிருந்தது. அதற்கும் பின்னால் குருவி கொண்டுவந்து வைத்த வைக்கோல். ஓரத்தில் குளவி கட்டிய காலி மண்கூடு. கம்பியெல்லாம் அடுப்புக் கரி. எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊதுவத்தி காட்டினார்கள். புகை ஒரு கோடு போட்டது மாதிரி நிமிர்ந்து போய்த் திறப்புக்குள் நுழைந்தது. அந்த வீட்டுப் பாப்பா கைதட்டினாள்! பழுது வென்டிலேட்டரில் இல்லை, அதற்குள் அடைத்திருந்த குப்பையில்.

ஆக, எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது? அடைப்பு என்றால் சுத்தம் செய்தால் போதும். குருவிக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறந்து போகும்வரை பொறுங்கள். கொசுவுக்கு வலை போடலாம். ஆனால் வலைக்கண்ணில் தூசி படிந்தால் காற்று நின்றுவிடும். கழற்றிக் கழுவுகிற மாதிரி சட்டத்தில் அடித்து வையுங்கள். சட்டத்தைக் கரையான் தின்றிருந்தால் சட்டத்தை மட்டும் மாற்றுங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருந்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது நல்லது. பழைய சுவரின் ஈரம் சுண்ணாம்பு வழியே உலரும். மேலே சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று, சுவர் உப்பிப் பெயரும்.

முற்றத்தில் மழை அடிக்கிறது, திருடர் பயம் இருக்கிறது என்றால் கம்பி போட்டு, மேலே ஷீட்டும் போடலாம். தப்பில்லை. ஆனால் சுவரோடு ஒட்டி மூடிவிடக் கூடாது. கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி தூக்கி, நாலு பக்கமும் இடைவெளி விட்டுப் போட்டால் மழை உள்ளே வராது, சூடு வெளியே போகும். ஒட்டி மூடினால்? வெயில் ஷீட் வழியாக இறங்கும், சூடு மேலே போக வழியிருக்காது, வீடே கொதிக்கும்.

எல்லாப் பழைய வழியையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வென்டிலேட்டரை ஒட்டி மூன்று மாடி எழுப்பிவிட்டால் அந்த வழி போனதுதான். அதற்குப் பதிலாக வேறு பக்கத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனோ, தொழிற்கூடங்களின் கூரையில் சுழல்கிறதே, அந்தக் காற்று உருண்டையோ வைக்க யோசிக்கலாம். கூரையைத் தாங்குகிற உத்தரத்தைக் கரையான் அரித்திருந்தாலும், சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தாலும், ஊதுவத்திச் சோதனையெல்லாம் அப்புறம். முதலில் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் மாற்றச் சொன்னால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் புதுக் கட்டடத்தில் மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் வென்டிலேட்டரை அடைக்கும் யோசனைக்கே இடமில்லை. ஒன்று அடுப்படி. மற்றொன்று கேஸில் ஓடும் வெந்நீர்க் கருவி உள்ள குளியலறை. அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூக்கு எச்சரிக்காது. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே உள்ள வென்டிலேட்டருக்குப் போகாது, தரையில் படர்ந்து நிற்கும். கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், கதவைத் திறந்து வைத்துவிட்டு, பெரியவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊதுவத்திச் சோதனையைச் செய்து பாருங்கள், கண்ணுகளா. எந்த அறையில் புகை எந்தப் பக்கம் போனது என்று நோட்டில் படம் போட்டு வையுங்கள். கொத்தனார் சிமென்டைக் குழைப்பதற்கு முன்னால் அந்தப் படத்தை வீட்டில் காட்டிப் பேசுங்கள். அடுப்படி வென்டிலேட்டரை மட்டும், யார் சொன்னாலும் அடைக்க விடாதீர்கள்.